வீட்டில் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயாளிக்குக் காப்பு கிடைக்குமா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆறு பேர்: மாமனார், மாமியார், இவர், இவருடைய கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மாமனாருக்குக் கடந்த ஆண்டு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து, இப்போது கீமோ நடந்துகொண்டிருக்கிறது. அவர் உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அதனால் மற்ற ஐந்து பேரும் ஃபுளூ ஊசியையும் கோவிட் ஊசியையும் போட்டுக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் 2022 ஜனவரியில், பெரியவர்கள் நால்வரும் இரண்டு தவணை போட்டு முடித்திருந்தும், ஒரே வாரத்துக்குள் வீட்டில் நான்கு பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். "அன்றைக்கு எங்களையே காக்காத ஊசி, இன்றைக்கு எங்கள் வழியாக அவரை எப்படிக் காக்கும்?" என்று கேட்கிறார்.

தடுப்பூசி நல்லதா, கெட்டதா என்ற வழக்கமான சண்டைக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை. ஒருவர் தோளில் ஏறும் ஊசி, அதே கூரையின் கீழ் இருக்கும் இன்னொருவரின் மூச்சுக்குள் போகும் வைரஸைக் குறைக்கிறதா, எவ்வளவு குறைக்கிறது, எத்தனை நாளைக்குக் குறைக்கிறது என்பதே இங்கே கேட்கப்பட்டிருப்பது. நான் சமூக மருத்துவம் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி தொற்றுநோய்க் கண்காணிப்பில் கழிந்தது. 2020 முதல் 2022 வரை வீடு வீடாகப் போய்த் தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலை எழுதிய குழுவில் இருந்தேன். புற்றுநோய் மருத்துவம் என் துறையன்று என்பதால், மாமனாரின் சிகிச்சையைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் அவருடைய மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது இரண்டு வேறுவேறு காரியங்கள் நடக்கலாம். ஒன்று, அவர் வெளியிலிருந்து தொற்றை வாங்கிக்கொண்டு வரும் வாய்ப்பு குறைவது. இதை வாசலில் நடக்கும் காவல் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, அதையும் மீறி அவருக்குத் தொற்று வந்துவிட்ட பிறகு, கூட இருப்பவர்களுக்கு அவர் கொடுக்கும் வைரஸின் அளவோ, கொடுக்கும் நாட்களோ குறைவது. இது கூடத்துக்குள் நடக்கும் காவல். உங்கள் மருத்துவர் சொன்னது இரண்டையும் சேர்த்து. நீங்கள் 2022 ஜனவரியை வைத்து எடைபோடுவது இரண்டாவதை மட்டும். சுவாசப்பாதை வைரஸ்களைப் பொறுத்தவரை, முதல் காவல் ஓரளவு நம்பத்தக்கது, இரண்டாவது பலவீனமானது என்பதுதான் இத்தனை ஆண்டு ஆய்வுகளைப் படித்து நான் வந்து சேர்ந்திருக்கும் இடம்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எண்களைப் படிக்கும்போது ஏமாறாமல் இருக்கலாம். வீட்டில் ஒருவருக்கு முதலில் தொற்று வருகிறது. கூட இருப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அடுத்த சில நாட்களில் அது வருகிறது என்று எண்ணுவதை இரண்டாம்நிலைத் தொற்று விகிதம் என்கிறோம். ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர், சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரைச் சுற்றியிருந்த வீடுகளில் இப்படி எண்ணி 1952-இல் வெளியிட்ட கணக்கில், இதற்கு முன் அந்த நோய் வராத குழந்தைகளிடையே தட்டம்மைக்கு ஏறத்தாழ 76 சதவீதம், சின்னம்மைக்கு 61, புட்டாலம்மைக்கு 31 என்று வந்தது. கோவிட் தொடங்கிய முதல் ஆண்டில், தடுப்பூசியே வராத காலத்தில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த விகிதம் 9 சதவீதம்தான். அந்த நோயாளிகளில் 71 சதவீதம் பேர், பரிசோதிக்கப்பட்ட தொடர்பாளர்களில் ஒருவருக்குக்கூடப் பரப்பியதாகத் தெரியவில்லை. அந்தப் பட்டியல்களில் சிலவற்றை என் கையால் எழுதியிருக்கிறேன் என்பதால், அந்த 9 சதவீதம் சற்றுக் குறைத்துக் காட்டும் எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. அறிகுறி இல்லாதவர்களை எல்லா நாளும் சோதிக்க அப்போது வசதி இருக்கவில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் இருந்தால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்ற பொதுவான எண்ணம் சரியல்ல என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

இனி ஊசிக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமாக வரும் ஆய்வு ஸ்காட்லாந்தில் நடந்தது. மருத்துவப் பணியாளர்கள் 1,44,525 பேர், அவர்கள் வீடுகளில் உள்ள 1,94,362 பேர் ஆகியோரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, பணியாளர் ஊசி போட்டுக்கொண்ட பிறகு அவருடைய வீட்டாருக்குத் தொற்று குறைகிறதா என்று பார்த்தார்கள். பணியாளர் முதல் தவணை போட்டு இரண்டு வாரம் கழிந்த வீடுகளில் வீட்டாரின் தொற்று ஏறத்தாழ 30 சதவீதமும், இரண்டாம் தவணைக்குப் பிறகு ஏறத்தாழ 54 சதவீதமும் குறைவாக இருந்தது. வீட்டார் கடை, பேருந்து, அலுவலகம் என்று வேறு இடங்களிலும் தொற்றை வாங்கியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், பணியாளர் வழியாக வந்திருக்கக்கூடிய தொற்று இன்னும் அதிகமாகவே குறைந்திருக்க வேண்டும். இதில் வாசல் காவலும் கூடத்துக் காவலும் கலந்தே இருக்கின்றன. பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்த ஆய்வு இங்கிலாந்தில் 2021 ஜனவரி, பிப்ரவரியில் தொற்று உறுதியானவர்களைப் பற்றியது. தடுப்பூசி போடாத ஒருவர் வீட்டில் முதல் நோயாளியாக இருந்தபோது மற்றவர்களில் 10.1 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. அவர் மூன்று வாரத்துக்கு முன்பே அஸ்ட்ராஜெனகா ஊசி (நம்மூரில் கோவிஷீல்டு என்று போட்டது அதைத்தான்) போட்டிருந்தால் 5.7 சதவீதம், ஃபைசர் போட்டிருந்தால் 6.2 சதவீதம். அதாவது தொற்று வந்த பிறகும், அவர் கொடுப்பது பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு தவணை மட்டும் போட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நல்ல செய்தி சில மாதங்களிலேயே தேய்ந்தது. கோவிட் வைரஸின் ஆல்ஃபா வகை போய் டெல்டா வகை வந்தது. இங்கிலாந்தில் தொடர்பாளர்கள் 1,46,243 பேரின் பரிசோதனை முடிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஃபைசர் இரண்டு தவணை போட்டவர் ஆல்ஃபாவைப் பரப்புவது 68 சதவீதமும் டெல்டாவைப் பரப்புவது 50 சதவீதமும் குறைந்திருந்தது. அஸ்ட்ராஜெனகாவுக்கு அதே எண்கள் 52, 24. அந்தக் குறைவும் இரண்டாம் தவணைக்குப் பின் மூன்று மாதத்தில் பெருமளவு கரைந்துபோனது. லண்டன், போல்டன் பகுதிகளில் வீடுகளுக்குப் போய் நாள்தோறும் தொண்டைச் சளி எடுத்துப் பார்த்த, அளவில் சிறிய, ஆனால் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஒரு ஆய்வு இன்னும் கறாராகச் சொன்னது: டெல்டா நோயாளியோடு இருந்தவர்களில் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு 25 சதவீதமும் போடாதவர்களுக்கு 38 சதவீதமும் தொற்று வந்தது, ஆனால் பரப்பியவர் பக்கம் திரும்பிப் பார்த்தால், தடுப்பூசி போட்டவர் பரப்பியது 25 சதவீதம், போடாதவர் பரப்பியது 23 சதவீதம். வித்தியாசமே இல்லை. பிறகு வந்த ஓமிக்ரான் வகையில், 2021 டிசம்பரில் டென்மார்க்கின் வீடுகளில் இரண்டாம்நிலைத் தொற்று 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதே காலத்து டெல்டாவுக்கு 21 தான்.

உங்கள் வீட்டில் 2022 ஜனவரியில் நடந்ததற்கு இதிலேயே விடை இருக்கிறது. அது ஓமிக்ரான் அலை. உங்கள் இரண்டாம் தவணை, பெரும்பாலானவர்களைப் போல 2021-இல் போட்டது என்றால், அதற்குள் சில மாதங்கள் கடந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஊசியே இல்லை; 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மாதம்தான் தொடங்கினார்கள், 12 வயதுக்காரர்களுக்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய ஊசி உங்கள் வீட்டில் யாரையும் ஆக்சிஜன் படுக்கைக்கு அனுப்பாமல் காத்திருக்கக்கூடும், அது வேறு கணக்கு. பரவலைத் தடுப்பதற்கு அந்தச் சூழலில் அதனிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஆகவே அந்த ஜனவரியை வைத்து எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊசிக்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு உடலியலில் ஓரளவு தெளிவான விளக்கம் உண்டு. தோளில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைய உண்டாக்குகிறது. அது நுரையீரலின் ஆழம் வரை நன்றாகப் போய்ச் சேர்கிறது. மூக்கின் உட்சவ்வுக்குக் கசிந்து வருவது கொஞ்சம்தான், அதுவும் இரத்தத்தில் அளவு உச்சத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும். ஃபுளூவும் கோவிடும் குடியேறிப் பெருகி வெளியேறுவது அந்த மூக்கிலும் தொண்டையிலும்தான். தட்டம்மையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். தட்டம்மை வைரஸ் உடம்புக்குள் நுழைந்து, இரத்தத்தில் கலந்து, மேலெல்லாம் சுற்றி, மறுபடி சுவாசப்பாதைக்கு வந்து வெளியேற பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஊசி பழக்கி வைத்த நினைவணுக்கள் (கிருமியை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்கள்) விழித்து வேலையை முடித்துவிடுகின்றன. அதனால்தான் வீட்டில் நால்வரில் மூவருக்குப் பரவிய அந்த நோயை, இரண்டு தவணை ஊசியால் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்த முடிகிறது. ஃபுளூவோ இரண்டு நாளில் பெருகி அடுத்தவருக்குப் போய்விடுகிறது. நினைவணு எழுந்து வேட்டியைக் கட்டிக்கொள்வதற்குள் திருடன் அடுத்த வீட்டில் இருப்பான்.

இன்னொன்றும் உண்டு. லண்டன் ஆய்வில் தடுப்பூசி போட்டவர்களின் தொண்டையில் வைரஸின் உச்ச அளவு போடாதவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆனால் அது வடிந்தது வேகமாக. வெளி உலகில் இந்த வேகம் பயன்படும். ஐந்தாம் நாள் அலுவலகம் திரும்புபவரிடம் மிச்சமிருப்பது குறைவாக இருக்கும். வீட்டுக்குள் அது அவ்வளவு பயன்படாது, ஏனென்றால் வீட்டில் பரவல் நடப்பது முதல் இரண்டு மூன்று நாட்களில், பெரும்பாலும் காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய இரவையும் சேர்த்து. ஒரே பாயில் படுத்த பிள்ளைக்கும் தாய்க்கும் இடையே, வைரஸ் வடியும் வரை எதுவும் காத்திருப்பதில்லை.

ஆய்வு எண்களை நான் ஏன் முழுதாக நம்புவதில்லை என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். 2022-ன் தொடக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடத்து வீடு. தாத்தாவுக்கு மூச்சிரைப்பு வந்து மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்ததில் தொற்று உறுதியானது, மறுநாள் நாங்கள் போய் மற்ற ஐந்து பேருக்கும் சளி எடுத்தோம், மூவருக்கு இருந்தது. படிவத்தில் 'முதல் நோயாளி' என்ற கட்டத்தில் தாத்தாவின் பெயரையும், அவர் இரண்டு தவணை ஊசி போட்டவர் என்பதையும், அவரிடமிருந்து மூவருக்குப் பரவியது என்பதையும் எழுதிவிட்டு எழுந்தபோது, அடுப்படியிலிருந்து பாட்டி சொன்னார்: "பொடியனுக்குத்தான் சார் மொதல்ல மூக்கு ஒழுகிச்சு. பொங்கலன்னிக்கே. அப்புறம்தான் தாத்தாவுக்கு." அந்தப் பையனுக்கு எட்டு வயது, ஊசி போடாதவன், அவனை அதுவரை யாரும் சோதிக்கவில்லை. படிவத்தை அடித்துத் திருத்தினேன். பாட்டி வாய் திறக்காமல் இருந்திருந்தால், தடுப்பூசி போட்டவர் ஒருவர் மூன்று பேருக்குப் பரப்பினார் என்ற வரியாக அது பட்டியலில் நின்றிருக்கும். உண்மையில் ஊசி போடாத பையன்தான் தாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும்; அதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு வந்துபோன உறவினர் ஒருவரிடமிருந்து இருவரும் ஒரே நாளில் வாங்கியிருக்கவும் கூடும்.

இந்தக் குழப்பம் எல்லா நாட்டு ஆய்விலும் உண்டு. யாருக்கு நோய் கடுமையாகிறதோ, யார் முதலில் பரிசோதனைக்குப் போகிறாரோ அவரே முதல் நோயாளி ஆகிறார். எதிர்த் திசையிலும் பிழை உண்டு. தடுப்பூசி போட்டுக்கொண்ட குடும்பம் பொதுவாகக் கூட்டத்தைத் தவிர்க்கும் குடும்பமாகவும் இருக்கும். அந்தக் கவனத்தின் பலனும் ஊசியின் கணக்கில் வரவாகிவிடும். சுவீடனில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, எதிர்ப்புத்திறன் பெற்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடக் கூட, எதிர்ப்புத்திறன் இல்லாதவருக்குத் தொற்று வாய்ப்பு 45 முதல் 97 சதவீதம் வரை குறைந்தது என்றது. திசை சரி என்று ஏற்றுக்கொள்கிறேன். படிப்படியாக ஏறும் அந்த வரிசை ஏதோ உண்மையைக் காட்டுகிறது. 97 என்ற எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லி நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஃபுளூ ஊசிக்கு நிலைமை வேறுவிதம். அங்கே நம்மிடம் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் இருக்கின்றன, ஆகவே நடத்தை சார்ந்த பிழை குறைவு. கனடாவில் ஹட்டரைட் என்ற சமயக் குழுவினர் பண்ணைக் குடியிருப்புகளில் கூட்டாக வாழ்ந்து, ஒரே உணவுக்கூடத்தில் சேர்ந்து உண்பவர்கள். ஏறக்குறைய ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் என்றே சொல்லலாம். 2008-09 பருவத்தில், சில குடியிருப்புகளில் 3 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கு ஃபுளூ ஊசியும், மற்றவற்றில் அதே வயதினருக்கு, ஒப்பிடுவதற்காக, மஞ்சள்காமாலை ஏ வகை ஊசியும் போட்டார்கள். பெரியவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். சோதனை ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடையே ஃபுளூ உறுதியானது முதல் வகைக் குடியிருப்புகளில் 3.1 சதவீதம், மற்றவற்றில் 7.6 சதவீதம். பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஊசி போட்டதால், போடாதவர்களுக்குக் கிடைத்த காப்பு ஏறத்தாழ 61 சதவீதம். இவ்வளவு சுத்தமாக மறைமுகப் பலனைக் காட்டிய வேறொரு ஃபுளூ சோதனை என் நினைவில் இல்லை.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் மூன்று கிராமங்களில், 2009 நவம்பர் முதல் மூன்று ஆண்டுகள், வீடு வீடாகக் குலுக்கி, ஆறு மாதம் முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சில வீடுகளில் ஃபுளூ ஊசியும் சில வீடுகளில் போலியோ ஊசியும் போட்டார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த காப்பு முதலாண்டில் 26 சதவீதத்தை ஒட்டியும், இரண்டாமாண்டில் 41, மூன்றாமாண்டில் 74 என்றும் ஏறியது. ஊசி போடாத மற்ற வீட்டாருக்கு மறைமுகக் காப்பு தெளிவாகத் தெரிந்தது, நேரடிக் காப்பு மிக உயர்ந்திருந்த அந்த ஆண்டில்தான். இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். போட்டுக்கொண்டவருக்கே ஊசி அரைகுறையாக வேலை செய்யும் ஆண்டில், அடுத்தவருக்குப் பகிர்ந்தளிக்க அதனிடம் எதுவும் இருப்பதில்லை. ஃபுளூ வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால், ஊசியின் பொருத்தமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அது நம் கையில் இல்லை.

ஆனால் ஃபுளூ ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் 2010-11 பருவத்தில் குழந்தைகள் உள்ள வீடுகளைப் பின்தொடர்ந்தபோது, வெளியிலிருந்து தொற்று வருவதை ஊசி ஓரளவு குறைத்தது. ஒருவருக்கு வந்துவிட்ட பிறகு மற்றவர்களை அது காத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. டென்னஸ்ஸி, விஸ்கான்சின் மாநிலங்களில் 2017 முதல் 2020 வரை நடந்த, இதைவிடப் பெரிய ஆய்வில் வீட்டுக்குள் இரண்டாம்நிலைத் தொற்று 18.8 சதவீதம், ஊசி போட்டிருந்த வீட்டாருக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒன்றுமில்லை என்பதற்கும் கொஞ்சம் உண்டு என்பதற்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது. சாலையில் ஒரு நிமிடம் எதிரே வருபவரின் தும்மலைத் தாங்கும் எதிர்ப்புத்திறன், மூடிய அறையில் எட்டு மணி நேரம் பக்கத்தில் படுத்து இருமுபவரின் அளவைத் தாங்காது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம்; இதை யாரும் ஐயமற நிறுவிவிடவில்லை.

இவற்றை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். பின்வரும் எண்கள் கணக்குப் போடுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் வீட்டில் அளந்தவை அல்ல. ஒரு ஃபுளூ பருவத்தில் உங்களில் ஒவ்வொருவரும் வெளியிலிருந்து தொற்றை வாங்கி வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், ஐந்து பேரில் ஒருவராவது அதை வீட்டுக்குக் கொண்டுவரும் வாய்ப்பு நூற்றுக்கு 41 ஆகிறது. ஐவரும் ஊசி போட்டு, அது 40 சதவீதம் காக்கும் சுமாரான ஆண்டாக இருந்தால், ஒவ்வொருவருடைய வாய்ப்பும் ஆறாகக் குறைந்து, வீட்டுக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 27 ஆகிறது. வந்தவரிடமிருந்து மாமனாருக்குப் போகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றும், ஊசியால் அது சற்றே குறைகிறது என்றும் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மேற்பட்டவர்கள் கொண்டுவரக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்தப் பருவத்தில் உங்கள் வழியாக அவருக்கு ஃபுளூ வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து ஐந்து அளவுக்கு இறங்கும். பாதி குறைவு, அந்தப் பாதியில் பெரும்பங்கு வாசலில் கிடைத்தது. கூடத்துக் காவலை அறவே நம்பாமல் விட்டாலும் பத்து ஆறாகிறது. ஐவரில் இருவர் மட்டும் போட்டுக்கொண்டால் பலன் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த இருவர் வீட்டிலேயே இருக்கும் மாமியாரும் நீங்களுமாக இருந்து, பள்ளிக்கும் வேலைக்கும் போய்வருபவர்கள் போடாமல் விட்டால் இன்னும் சுருங்கும். ஊசி போடுவதில் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு முதலிடம் கொடுத்துப் பிள்ளைகளை விட்டுவிடும் வழக்கம் உண்டு. அவரவர் பாதுகாப்புக்கு அது சரி. உங்கள் நோக்கத்துக்கு வரிசையைத் திருப்ப வேண்டும், பிள்ளைகள்தான் முதலில்.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்டால், வீட்டார் ஊசி போட்டுக்கொள்வது பலவீனமான ஒருவருக்குத் தொற்று போகும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதையும், ஊசி போட்ட பின் இரண்டு வாரத்திலிருந்து சில மாதங்கள் வரை அந்தக் குறைவு மிகுதியாக இருந்து பிறகு தேய்கிறது என்பதையும் நான் உறுதியாகச் சொல்வேன். தொற்று வந்துவிட்ட ஒருவர் ஊசி போட்டவர் என்பதாலேயே பக்கத்தில் போய்ப் பணிவிடை செய்யலாம் என்பதை ஒருபோதும் சொல்ல மாட்டேன். மூக்கில் விடும் தடுப்பு மருந்துகள் இந்தக் குறையைத் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு பெரிதாக இருக்கிறது, கொள்கையளவில் நியாயமானதும்கூட. ஆனால் அதே ஹட்டரைட் குடியிருப்புகளில் பிற்பாடு, பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃபுளூ மருந்தையும் ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மற்றவர்களுக்குக் கிடைத்த காப்பில் மூக்கு மருந்து முந்தவில்லை. இந்தியாவில் 2022-இல் அனுமதி பெற்ற கோவிட் மூக்கு மருந்து வீட்டுப் பரவலை இவ்வளவு குறைக்கிறது என்று எண் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நடைமுறைக்கு வருகிறேன். ஃபுளூ நம் வடமாநிலங்கள் பலவற்றில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உச்சமடைகிறது. சென்னை, வேலூர்ப் பதிவுகளில் அது அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டி ஏறுகிறது. எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் செப்டம்பருக்குள் ஐவரும் போட்டு முடிப்பது பொருத்தம். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளை முதல்முறையாகப் போட்டுக்கொள்வதென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஒன்றோடு நின்றால் பலன் குறைவு, ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். தோளில் போடும் ஃபுளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதைப் போட்டுக்கொண்ட பிள்ளையிடமிருந்து தாத்தாவுக்கு எதுவும் தொற்றாது, இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால் சொல்கிறேன். மூக்கில் தெளிக்கும் ஃபுளூ மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். எதிர்ப்புத்திறன் மிகவும் குன்றியவர் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்து ஊசியையே கேளுங்கள். கோவிட் ஊசி யாருக்கு, எப்போது என்பதை மாமனாரின் மருத்துவர் சொல்லும்படி செய்யுங்கள். மாமனாருக்கும் ஊசி வீண் என்று விட்டுவிட வேண்டாம். பிடிப்பது குறைவாக இருக்குமே தவிர ஒன்றுமில்லாமல் போகாது, கீமோ சுற்றுகளுக்கு இடையே எந்த நாளில் போட்டால் ஓரளவேனும் பிடிக்கும் என்று அவர் மருத்துவர் சொல்வார்.

வீட்டில் யாருக்காவது தொண்டை கரகரத்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே மாமனாரின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். அறை இல்லையென்றால் தொண்டை கரகரப்பவரைத் திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ மாற்றலாம், சன்னல்களைத் திறந்து வைக்கலாம், அவருக்குச் சோறு கொடுக்கப் போகும் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு நாட்களில்தான் இதற்குப் பலன். கூடவே மருத்துவருக்கு ஒரு தொலைபேசி: ஃபுளூ என்று தெரிந்தால், கூட இருப்பவருக்கு நோய் வராமல் இருக்க ஓசெல்டாமிவிர் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கும் வழி இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு ஃபுளூ தொடங்கி 48 மணி நேரத்துக்குள், நலமாக இருந்த மற்றவர்களுக்கு நாளுக்கு ஒன்றாக ஏழு நாள் கொடுத்துப் பார்த்த சோதனையில், 2001-இல் வெளியான முடிவின்படி, நோய் 89 சதவீதம் குறைந்தது. ஊசி கூடத்துக்குள் செய்ய முடியாததை இந்த மாத்திரை அந்த ஒரு வாரத்துக்குச் செய்யக்கூடும். மாமனாரின் சிறுநீரக நிலையையும் மற்ற மருந்துகளையும் பார்த்து அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய மாத்திரை அது, கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதற்கில்லை. இந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, யாரை எந்த எண்ணில் அழைப்பது என்று அவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையின் நெற்றி சுடும்போது கேட்க நேரம் இருக்காது.